திரும்ப ஒரு பட்டன்

பஸ் மாறி ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கண்டக்டரிடம் அசடு வழிந்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வோம். எங்கள் எதிர்வீட்டு அக்கா இறங்க மாட்டார். ஒருமுறை நிச்சயதார்த்தம் ஒன்றுக்காகப் போளூர் கிளம்பியவர், போனில் பேசிக்கொண்டே செங்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார். திருவண்ணாமலை எல்லையைத் தாண்டுவதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதவும் தயாராக இருந்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, செங்கம் வரை போய், அங்கே பஸ் ஸ்டாண்டில் மசால்வடை சாப்பிட்டு, எங்களுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு மாலையில் வந்து சேர்ந்தார். நிச்சயதார்த்தம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அது அவர் இல்லாமலேயே நிச்சயமாகிவிட்டதாம்.

"ஏறியாச்சு பாப்பா. ஏறிட்டு பாதியில எறங்குனா பஸ்ஸுக்கு மரியாதையா?" என்றார்.

அவர் கணவர் வடையைத் தின்றபடி தலையை ஆட்டினார். அரிசி மில்லில் வேலை பார்க்கும் சாது மனிதர். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட கதையைக் கேட்டால் அவரும் இதே ஒரு வார்த்தையில்தான் முடிப்பார்: "ஏறியாச்சும்மா."

நாங்கள் அப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நான் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது புத்தகங்கள் வாங்கி வைத்திருந்தேன். பாதியில் விடுவதில் நான் கெட்டிக்காரி. தட்டச்சை விட்டேன், இந்தியை விட்டேன், தையலில் ஒரு ஜாக்கெட்டின் இடது கை வரை போய் விட்டேன். அந்த ஒற்றைக் கை இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அப்படிப்பட்ட எனக்கு எதிரே இப்படிப்பட்ட ஒருவரைக் கடவுள் குடிவைத்தது குசும்பு அல்லாமல் வேறென்ன?

அக்காவுக்குத் தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தெருவில் எல்லோரும் அவரை ரத்த அக்கா என்றுதான் சொல்வார்கள். மற்ற இடங்களில் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று புளுகுவார்கள் இல்லையா, அக்காவிடம் அது கிடையாது. "வலிக்கும். கைய இழுத்தா மறுபடி குத்துவேன்," அவ்வளவுதான். முறுக்கு மீசை வைத்த ஒருவர் ஊசியைப் பார்த்ததும் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்ததையும், அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே "ஸ்டூல்ல ஏறியாச்சு சார்" என்று சொன்னதையும் நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனிதர் சத்தமில்லாமல் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டார்.

ஒருநாள் அவருடன் சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். படம் சகிக்கவில்லை. இடைவேளையில் பாதித் தியேட்டர் காலி, அதன் பிறகு மீதியும் காலி. நான் அவர் தொடையைச் சுரண்டினேன், தலைவலி என்றேன், கடைசியில் வாந்தி வருகிறது என்றேன். அக்கா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். லைட் பிடித்தவர், சாப்பாடு போட்டவர் பெயரெல்லாம் ஓடி முடிந்து வெள்ளைத் திரை வந்த பிறகுதான் எழுந்தார். எப்படி இருந்தது என்று வெளியே வந்து வீம்புக்குக் கேட்டேன். "கேவலமா இருந்துச்சு," என்றார் மலர்ந்த முகத்தோடு. அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான். கெட்டதை நல்லது என்று சொல்லிச் சமாளிக்க மாட்டார். கெட்டது என்று தெரிந்தும் முடிப்பார்.

இனி கேம் விஷயத்துக்கு வருகிறேன். நடுவயதான, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு மாலையில் விளக்கேற்றுகிற ஒரு அக்கா, விளக்கேற்றிய கையோடு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடிதடி கேம் ஆடுவார் என்று யார் நினைப்பார்கள்? முதல்நாள் நான் சர்க்கரை கடன் கேட்கப் போய், வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் கூன் விழுந்த ஒரு கிழவன் தடியால் ஒரு பயில்வானை வெளுத்துக்கொண்டிருந்தான். அக்காவின் விரல்கள் ஜாய்ஸ்டிக்கில் பறந்தன. முகத்தில் மட்டும் எந்தச் சலனமும் இல்லை, ரத்தம் எடுக்கும்போது இருக்கும் அதே முகம்.

உலகம் முழுக்கப் பிரபலமான கேம் அது. பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கும். அக்கா சின்ன வயதில், பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு வீடியோ கேம் கடையில் அதன் பழைய பாகத்தை ஆடியவர். கூடவே அவர் தம்பி ஏழுமலை. எட்டு எதிராளிகளை வரிசையாக அடித்தால் ஆட்டம் முடியும். எட்டு என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறென்ன ஞாபகம் வரும்? மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. முதல் எதிராளிக்கு இந்திர லிங்கம் என்று பெயர். நெருப்பு கக்குகிறவன் அக்னி லிங்கம். மூன்றாவது ஆளிடம்தான் நிறையப் பேர் செத்தார்கள், அவன் எம லிங்கம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எல்லோரையும் தாண்டிக் கடைசி ஆளை வீழ்த்திவிட்டால், "ஈசானியம் முடிச்சிட்டேன்" என்று கத்தலாம். கடைக்காரர் பக்திமான், இதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் கன்னத்தில் போட்டுக்கொள்வாராம்.

அக்கா எப்போதும் அந்தக் கூன் கிழவனைத்தான் எடுப்பார். ஏழுமலை எப்போதும் பச்சைச் சட்டைக்காரனை. ஏன் கிழவன் என்று கேட்டேன். அடி ஜாஸ்தி வாங்குவான், ஆனால் சீக்கிரம் விழ மாட்டான் என்றார். இரண்டு பேருமே வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு, ஏழுமலை தனக்கு ஒரு கேம் பெட்டி வாங்கியபோது அக்காவுக்கும் ஒன்று வாங்கிவந்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவார். பெட்டியோடு வந்த இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் எடுத்து இருவரும் ஆடுவார்கள். அடித்துக்கொண்டபடியே வீட்டுக் கதை, வேலைக் கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்களாம்.

நான் பார்த்த காலத்தில் இரண்டாவது ஜாய்ஸ்டிக் பிளாஸ்டிக் கவருக்குள் போய், அலமாரியின் மேல்தட்டில் ஏறியிருந்தது. ஏழுமலை ஏன் வருவதில்லை என்று கேட்டால் அக்கா காய் நறுக்க எழுந்து போய்விடுவார்.

கதையை அவர் கணவர்தான் ஒருநாள் வாசலில் நின்று, உள்ளே காதை வைத்துக்கொண்டே சொன்னார். ஏழுமலை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே ஒரு வீடு கட்டினார். வீடு நல்லபடியாக முடிந்தால், புதுமனை புகுகிற அன்று மலையைச் சுற்றி வந்துதான் பால் காய்ச்சுவேன் என்று அக்கா வேண்டிக்கொண்டார். பால் காய்ச்சுவது கூடப் பிறந்தவள் உரிமை, அதில் யாருக்கும் பேச்சில்லை. அன்று விடிவதற்கு முன்பே கோபுர வாசலிலிருந்து கிளம்பினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. நேரம் தவறிவிட்டது. முகூர்த்தம் நெருங்குகிற சமயத்தில் ஒருவழியாக அடி அண்ணாமலை வந்து, தம்பி வீட்டு வாசலுக்கு நேராகவும் வந்துவிட்டார். பந்தல், மேளம், சொந்தம் எல்லாம் காத்திருந்தது. உள்ளே அடுப்பு தயார்.

அக்கா நிற்கவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, "சுத்து முடியல, முடிச்சிட்டு வந்துடறேன்," என்று நடந்தேவிட்டார்.

கோபுரத்தைப் போய்த் தொட்டுவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவதற்குள் முகூர்த்தம் போய்விடும் என்று ஐயர் கையை விரித்தார். ஏழுமலையின் மனைவி அம்சாவுடைய அக்கா பால் காய்ச்சினார். எங்கள் அக்கா சீர்த் தட்டோடு வந்து இறங்கியபோது பந்தியே ஆரம்பித்துவிட்டது. வாசலுக்கு வந்தும் தன்னைத் தாண்டிப் போனாளே என்ற ஆத்திரத்தில் ஏழுமலை பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார், உன் பிடிவாதத்துக்கெல்லாம் என் வீட்டுப் பால் காத்துக்கொண்டிருக்காது என்று. அக்கா தட்டை வாசலிலேயே வைத்தார். இனிமேல் இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றார். அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அவரை யார் இறக்குவது?

"ரெண்டு பேர் பேர்லயும் தப்பு இல்லம்மா. அதான் கஷ்டம்," என்று முடித்தார் கணவர்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை சுற்றுவதை நிறுத்தவில்லை. பௌர்ணமிக் கூட்டம் அவருக்கு ஆகாது, ஞாயிறு விடியலில்தான் போவார். உடம்பு இளைக்கும் என்ற ஆசையில் நானும் சேர்ந்துகொண்டேன். மலையை வலப்பக்கமாக வைத்துத்தானே சுற்ற வேண்டும், ஏழுமலையின் வீடு பாதையின் இடப்பக்கம். வருண லிங்கம் தாண்டி, பச்சைக் கேட் கண்ணில் பட ஆரம்பித்ததுமே அக்காவுக்கு பக்தி ஜாஸ்தியாகிவிடும். முகத்தை வலப்பக்கம் திருப்பி, கைகூப்பி, மலையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். கேட் தாண்டியதும் கை இறங்கிவிடும். வீட்டு முன்பக்கம் சின்னதாக ஒரு குளிர்பானக் கடை போட்டிருந்த ஏழுமலை, அந்த நேரத்துக்குச் சரியாகப் பாட்டில் அடுக்க ஆரம்பிப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்கா அதைப் பார்த்ததில்லை. கொடியில் காய்கிற சட்டைகளைத்தான் பார்த்தார். கைக்குட்டை அளவுச் சட்டை தொங்கியது, பிறகு கொஞ்சம் பெரியது, பிறகு ஒரு கவுன். "வளந்துடுச்சு போல," என்று ஒருநாள் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. அந்த அடிதடி கேம் கம்பெனி, கிளைக் கதையாக ஒரு புது கேம் விடுகிறது. கதாநாயகன் யார்? கூன் கிழவன். அவன் வாலிபத்தில் என்னவாக இருந்தான், கூன் எப்படி விழுந்தது என்பதெல்லாம் கதை. அதுவும் இந்தக் காலத்துப் பளபளப்பு இல்லாமல், அந்தக் காலத்து கேம் போலவே கட்டம் கட்டமான படம், கீச்சுக் குரல் சங்கீதம். அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை எதிர்பார்த்துத் தவித்து நான் பார்த்தது அப்போதுதான். லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டே, கிழவனுக்குக் கேம் வருகிறது என்று சம்பந்தமில்லாத நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் தங்கள் ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது என்று பயந்து போனார்களாம்.

வெளியான அன்று கேசரி செய்திருந்தார். நானும் அவர் கணவரும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு உட்கார்ந்தோம். பெட்டியைப் போட்டதும், அக்கா பழைய கடையில் கேட்ட அதே இசை வந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

கேசரி தீர்வதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. கேம் படு மட்டம். கிழவன் வாலிபனாக இருக்கிறான், ஆனால் கிழவனாக இருந்தபோது இருந்த வேகத்தில் பாதிகூட இல்லை. அடிதடி கேமில் அடிக்க ஆளே கம்மி, பெரும்பாலும் பள்ளம் தாண்டுவதும் பாறையில் தொங்குவதும்தான். செத்தால் அந்தக் கட்டத்தின் ஆரம்பத்துக்கே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் சிகரம் ஒன்று இருந்தது. கிழவன் தானாகத் திரும்ப மாட்டான். எந்தக் கேமிலும் இடப்பக்கம் தள்ளினால் ஆள் இடப்பக்கம் திரும்புவான் இல்லையா? இதில் திரும்புவதற்கு என்று தனியாக ஒரு பட்டன். அதை அழுத்தாவிட்டால் முதுகுக்குப் பின்னால் எவன் வந்து குத்தினாலும் இவன் நேராகவே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் காலத்து கேம்கள் அப்படித்தான் இருந்தன, அதனால் வேண்டுமென்றே வைத்தோம் என்று கம்பெனி பெருமை வேறு பேசியிருந்தது.

உலகமே திட்டியது. நான் போனில் படித்துக் காட்டினேன். ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டிருந்தார், இன்னொருவர் தன் குழந்தைப் பருவத்தையே திருப்பிக் கேட்டிருந்தார். அக்காவுக்குத் திட்டக்கூட நேரமில்லை, அவர் செத்துக்கொண்டிருந்தார். அத்தனை விரல் வேகம் இருந்தும் அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் விரல் போகவே இல்லை. "திரும்புங்கக்கா, திரும்புங்க," என்று நான் கத்துவேன். அதற்குள் கிழவன் பள்ளத்தில் இருப்பான். தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள்கூட, ரன் ஓடும்போது "திரும்பற பட்டன அழுத்துடா" என்று கத்துகிற அளவுக்கு இது பரவிவிட்டது.

"புடிக்கலன்னா விட்டுடேன்மா," என்றார் கணவர், வாழ்நாளில் கொடுத்த ஒரே ஆலோசனையாக.

"கேவலமாத்தான் இருக்குது," என்றார் அக்கா. "ஆனா ஏறியாச்சே."

ஆடினார். மழைக்காலம் முழுக்க ஆடினார். தினமும் லேப் விட்டு வந்து, விளக்கேற்றி, கிழவனைக் கூட்டிக்கொண்டு பள்ளம் தாண்டினார். இதிலும் எட்டுக் கட்டங்கள்தான், அதனால் பழைய பெயர்களே வந்துவிட்டன. எம லிங்கத்தில் மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடந்தார். நிருதியில் ஒரு பாலத்தில் தொங்கினார். மெல்ல மெல்ல அந்தப் பட்டனுக்கும் விரல் பழகியது. முதல்முறை கிழவன் சட்டென்று திரும்பி, பின்னால் வந்தவனை அடித்தபோது, அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தன் கட்டைவிரலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை தீபம் முடிந்து, கூட்டமெல்லாம் கலைந்து ஊர் மூச்சுவிட்ட ஒரு சனிக்கிழமை மாலையில் ஈசானியம் முடிந்தது. கிழவனுக்குக் கூன் எப்படி விழுந்தது என்று கடைசியில் காட்டுவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். காட்டவே இல்லை. திரை கறுத்து, கட்டம் கட்டமான எழுத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. இனி இருவர் ஆடலாம், இரண்டாம் ஆட்டக்காரரை அழைக்கவும்.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் எழுந்து, அலமாரியிலிருந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக் இருந்த அந்தக் கவரை எடுத்து வந்து, நான் ஆடவா என்று கேட்டேன். அவர் கவரை வாங்கி, தூசியைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பாதியில விட்டுட்டுப் போய்டுவ பாப்பா," என்றார்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையை மறுக்க முடியுமா?

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போலக் கிளம்பினோம். வருண லிங்கம் தாண்டியது, பச்சைக் கேட் தெரிந்தது. முகம் வலப்பக்கம் திரும்பியது, கை கூப்பியது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கேட்டில் ஏழுமலை அண்ணன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பாட்டில் அடுக்கவில்லை. தாண்டினோம். வாயு லிங்கம் வரை வந்த பிறகு அக்கா நடுரோட்டில் நின்றார்.

"குழந்தைக்குக் காது குத்தியிருக்குது, பாத்தியா?" என்றார்.

மலையைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குக் காது எப்படித் தெரிந்ததாம்? திரும்பிப் போய்விடலாம் அக்கா, கொஞ்ச தூரம்தானே என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். மலையை இடப்பக்கம் வைத்து யாராவது நடப்பார்களா? அது மகா பாவம். பிறகு எப்படிப் போவதாம்? எப்படி என்றால், சுற்றித்தான். மீதிச் சுற்றை முடித்து, கோபுரத்தைத் தொட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, இந்திரன், அக்னி, எமன் எல்லோரையும் மறுபடி பார்த்து, அந்த வாசலுக்கு வருவாராம். பின்பக்கமாகக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு, முன்பக்கமாகப் பதினாலு கிலோமீட்டர்.

எனக்குக் கால் அப்போதே கெஞ்சியது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"நீ ஆட்டோ புடிச்சு அங்க போயிடு. போயி, பால காய்ச்ச வேணாம்னு சொல்லு. நான் வந்துனு இருக்கேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டோவுக்கு அந்தப் பாவமெல்லாம் கிடையாது. நான் வந்த வழியே திரும்பிப் போய் இறங்கினேன்.

நான் யார் என்று சொல்லிக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை, வாரா வாரம் பார்க்கிற முகம்தானே. அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். ஏழுமலை அண்ணன் குழந்தையை அம்சா அண்ணியிடம் கொடுத்தார். எங்கே வருகிறார் என்று கேட்டார். சுற்றி வருகிறார் என்றேன். அந்த மனிதருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நடுவிலேயே எப்போதோ வேறாக மாறிவிட்டது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கத் தடை. பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் போய்ப் புதுப் பால் வாங்கிவந்து, பாத்திரத்தில் ஊற்றி அடுப்பின் மேல் வைத்தார்கள். குழந்தைக்குக் காலையில் காய்ச்சிய பால் மிச்சம் இருந்தது, காபி இல்லாமல் கிடந்தது நாங்கள் மூவரும்தான். இவள் மட்டும் நேரத்துக்கு ஒரு நாளாவது வருவாளா என்று அம்சா அண்ணி முனகிக்கொண்டே வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, காலையில் போட்ட கோலம் இருக்கும்போதே அதைவிடப் பெரிதாக இன்னொன்று போட்டார். வெயில் ஏறியது. தார் ரோட்டில் வெறுங்காலோடு வருவாரே என்று எனக்கு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் உள்ளுக்குள் இருந்தது. வாசலுக்கு நேராக வந்துவிட்டு, கையை உயர்த்தி, "சுத்து முடியல" என்று சொல்லிவிட்டால்?

ஏழுமலை அண்ணனுக்கும் அதுதான் ஓடியிருக்க வேண்டும். உள்ளே வருவதும் அடுப்பைப் பார்ப்பதும் கேட்டுக்குப் போவதுமாக இருந்தார்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது வளைவில் அக்கா தெரிந்தார். புடவை முழங்கால் வரை புழுதி, முகம் செக்கச்சிவந்து கிடந்தது. நடை மட்டும் அதே நடை. பச்சைக் கேட் அருகில் வந்ததும் அவர் முகம், பழக்கதோஷம், மலைப்பக்கம் திரும்பியது. ஏழுமலை அண்ணன் கேட்டை அகலத் திறந்தார். அக்கா மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே இடப்பக்கமாகத் திரும்பினார்.

"தண்ணி எடுத்தாடா. கால் வேவுது," என்றார்.

செம்புத் தண்ணீரை அவரே ஊற்றப் போனார், தம்பி விடவில்லை, குனிந்து காலில் ஊற்றினார். என் வாய் சும்மா இருக்குமா? அக்கா, இது பாதிச் சுற்றுதானே என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா பாதி? செங்கம் பஸ்ல ஏறுனவ செங்கத்துல எறங்குனேனா இல்லியா? இதான் பாப்பா எறங்கற எடம்."

படியேறி உள்ளே போனார். அடுப்பைப் பற்றவைத்தார். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அம்சா அண்ணி குலவை போடத் தெரியாமல் கைதட்டினார், குழந்தையும் தட்டியது. அக்கா முதல் டம்ளரைக் குழந்தையிடம்தான் நீட்டினார், அது அவர் கனகாம்பரத்தைப் பிடித்து இழுத்தது. பழைய பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று நினைத்து நான் கொஞ்சம் தயாராக இருந்தேன், ஏமாந்துவிட்டேன்.

காபி கைக்கு வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்த பிறகுதான் ஏழுமலை அண்ணன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கிழவன் கேம் வாங்குனியாக்கா?"

"வாங்காம? நீ?"

"வந்த அன்னிக்கே வாங்குனேன். எம லிங்கத்துல விட்டுட்டேன். திரும்பறதுக்கு ஒரு பட்டனாம், எவனால ஆவும்? நீ எதுவரைக்கும் போன?"

"ஈசானியம் முடிச்சிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "முடிச்சியா? முடிச்சா இன்னாக்கா வருது?"

அக்கா தோளில் மாட்டியிருந்த துணிப்பையைத் திறந்தார். முந்தின மாலை மடியில் வைத்திருந்த அதே பிளாஸ்டிக் கவரை வெளியே எடுத்தார். அதைக் காலையிலிருந்து மலையைச் சுற்றி, மறுபடியும் சுற்றி, கூடவே கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அதுவரை தெரியாது. கவரைத் தம்பி பக்கம் தள்ளினார்.

"ரெண்டாவது ஆளக் கேக்குதுடா."